மூலமும் படியும்: 1962-ஆம் ஆண்டின் பேஸ் கித்தாரை மீண்டும் செய்தல்

ஏட்டுச் சுவடிகளைப் படியெடுத்த எழுத்தர் இருவகையினராய் இருந்தனர். ஒரு வகையினர் ஏட்டில் கண்டதைக் கண்டவாறே எழுதினர். பொருள் விளங்காத இடத்தையும் பிழைபட்ட சீரையும் கூட மாற்றினாரல்லர். மற்றொரு வகையினர் தமக்குச் சரியெனத் தோன்றியதை எழுதினர். பிழையைத் திருத்துவதாக எண்ணிச் சில இடங்களில் மூலத்தையே மறைத்துவிட்டனர். இவ்விரு வகையினராலும் பதிப்பாசிரியர்க்கு நேர்ந்த நன்மையும் தொல்லையும் தமிழாசிரியர் நன்கறிந்தவை.

நூலுலகிற்கு வெகு தொலைவிலுள்ள ஒரு தொழிலிலும் இதே சிக்கல் எழுந்திருக்கின்றது. அது பழைய மின்கித்தார்களைப் பார்த்து, அவற்றைப் போலவே புதியன செய்யும் தொழில். அமெரிக்காவில் 1950-களிலும் 1960-களிலும் செய்யப்பெற்ற பேஸ் கித்தார்கள் இன்று அரும்பொருள்களாகிவிட்டன. இசைவாணர் கைக்கு எட்டாத விலைக்குச் சேகரிப்போர் அவற்றை வாங்குகின்றனர். ஆகவே அவற்றின் ஒலியையும் பிடியையும் விரும்புவோர், வரலாற்றுக்குப் பொருந்திய படி ஒன்றைச் செய்துகொள்ள முற்படுகின்றனர். அவ்வாறு செய்வதென்றால் எதைப் பின்பற்றுவது? எதை விடுவது? 1962-ஆம் ஆண்டின் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் கருவியைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

கருவியின் உறுப்புகளைக் குறிக்க நம் வீணைக்குரிய சொற்களே போதுமானவை. நீண்ட கழுத்தைத் தண்டி என்றும், விரல் அழுந்தும் இடங்களில் பதித்த உலோகக் கட்டைகளை மெட்டு என்றும், தந்திகள் தண்டியின் தலைப்பில் தங்கும் இடத்தை மேரு என்றும், மறுமுனையில் தங்கும் இடத்தைக் குதிரை என்றும் கொள்வோம்.

கருவி பிறந்த வகை

மேலைநாட்டு இசைக்குழுக்களில் மந்தர ஒலியை நெடுங்காலம் தந்துவந்தது டபுள் பேஸ் என்னும் கருவியாகும். அது வயலினைப் போன்ற வடிவினது, ஆளுயரத்தினும் மிக்கது. ஊர் ஊராகச் சென்று இசைப்போர்க்கு அது பெருஞ்சுமை. முரசும் ஊதுகருவிகளும் முழங்கும் மேடையில் அதன் ஒலி அமிழ்ந்துபோகும். மெட்டுகள் இல்லாமையால் விரல் சிறிது விலகினும் சுருதி பிறழும்.

இக்குறைகளைப் போக்க முயன்றோர் பலர். சியாட்டில் நகரில் பால் டட்மார்க் என்பவர் 1930-களிலேயே மெட்டுகளுடன் கூடிய மின் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார். அது பரவவில்லை. பரவச் செய்தவர் கலிபோர்னியாவின் ஃபுல்லர்டன் நகரில் வானொலிப் பெட்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர். 1909-இல் பிறந்த இவர் கித்தார் வாசிக்கக் கற்றவரல்லர். கருவிகளைச் செய்தவர், இசைவாணர் கூறும் குறைகளைக் கேட்டுத் திருத்தியவர். இவருடைய தொழிற்கூடத்திலிருந்து 1951-இல் வெளிவந்ததே பிரிசிஷன் பேஸ். ‘பிரிசிஷன்’ என்றால் துல்லியம். மெட்டுகள் இருப்பதால் சுருதி துல்லியமாக அமையும் என்பதே பெயரின் கருத்து.

இக்கருவியில் தந்தியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது 863.6 மில்லிமீட்டர். நான்கு தந்திகளுள் மிகத் தாழ்ந்தது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கின்றது; மிக உயர்ந்தது 98 முறை. தந்தி மிகக் குறுகினால் தாழ்ந்த ஒலி தெளிவின்றிக் குழறும். மிக நீண்டால் இடக்கை விரல்கள் மெட்டுகளை எட்டா. இவ்விரண்டிற்கும் நடுவே அமைந்த 34 அங்குலம் இன்றுவரை பேஸ் கித்தார்களின் பொது அளவாக நிலைத்துவிட்டது.

முதற் கருவியின் உடல் விளிம்பு மழுங்காத பலகையாக இருந்தது. 1954-இல் வாசிப்போரின் மார்பிலும் முன்கையிலும் அழுந்தாதபடி விளிம்புகள் சரிக்கப்பெற்றன. 1957-இல் ஒலியை எடுக்கும் காந்தச் சுருள் புதிய அமைப்புப் பெற்றது. 1959-இல் மேப்பிள் தண்டியின் மேல் கருநிற மரத்தாலான விரற்பலகை ஒட்டப்பெற்றது. 1965 சனவரியில் ஃபெண்டர் தம் தொழிலை சி.பி.எஸ். நிறுவனத்திற்கு 1 கோடியே 30 இலட்சம் டாலருக்கு விற்றார். அவ்விற்பனைக்கு முற்பட்ட கருவிகளையே சேகரிப்போர் பெரிதும் மதிக்கின்றனர். 1962-ஆம் ஆண்டுக் கருவி அவற்றுள் ஒன்று.

1962 என்றால் எந்த 1962?

படி செய்வோர் முதலில் அறியவேண்டியது, ஆண்டைக் கூறிவிட்டால் கருவி வரையறுக்கப்பட்டுவிடாது என்பது. 1962-இன் முற்பகுதியில் விரற்பலகையின் அடிப்புறம் தட்டையாக இருந்தது, பலகையும் கனமானது. அவ்வாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு மேப்பிள் தண்டியின் மேற்பரப்பையே வளைவாகச் செதுக்கி, அதன்மேல் வளைந்த பலகையை ஒட்டும் முறை வந்தது. தண்டியின் அடிமுனையில் அது செய்யப்பெற்ற காலத்தைக் குறிப்பது வழக்கம். அக்குறிப்பு ஆண்டின் தொடக்கத்தில் பென்சிலால் எழுதப்பெற்றது. பின்னர் ரப்பர் முத்திரையாகப் பதிக்கப்பெற்றது. தட்டைப் பலகையும் ஆண்டின் பிற்பகுதிக்குரிய முத்திரையும் ஒரே தண்டியில் சேர்ந்திருக்கும் ‘1962 படி’ எவரையும் ஐயுறச் செய்யும்.

காலத்தை நிறுவும் சான்றுகளையும் நிறுத்துப் பார்த்தல் வேண்டும். கருவியின் பின்புறத்தில், தண்டியையும் உடலையும் நான்கு திருகாணிகளால் இணைக்கும் உலோகத் தகட்டில் வரிசை எண் உண்டு. அதைக் கொண்டே ஆண்டைத் துணிவோர் பலர். ஆனால் எண் பொறித்த தகடுகள் ஒரு பெட்டியில் கொட்டிக் கிடந்தன; தொழிலாளர் கைக்கு வந்ததை எடுத்துப் பொருத்தினர். ஆகவே எண் வரிசையும் கால வரிசையும் எப்போதும் ஒத்துவருவதில்லை. தண்டியிலுள்ள தேதியோ தண்டி செய்யப்பெற்ற நாளைக் காட்டுமேயன்றிக் கருவி முழுமை பெற்ற நாளைக் காட்டாது.

ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் மின்தடை மாற்றிகளின் புறத்தே இன்னொரு குறிப்பு உண்டு. 304-6218 என்று இருந்தால், முதல் மூன்று இலக்கங்கள் ஸ்டாக்போல் என்னும் நிறுவனத்தைக் குறிக்கும். 62 ஆண்டைக் குறிக்கும். 18 அவ்வாண்டின் வாரத்தைக் குறிக்கும். இவ்வுறுப்பு 1962-இன் 18-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது எனின், கருவி அதற்கு முன் முடிக்கப்பட்டிருக்க இயலாது. அதற்குப் பின் எத்தனை திங்கள் கழித்து முடிக்கப்பட்டது என்பதை இவ்வெண் கூறாது. மேல் எல்லை, கீழ் எல்லை எனப் பிரித்துக் காலம் கணிக்கும் இம்முறை புலவர்கள் நூலாசிரியர் காலத்தைத் துணியும் முறையே அன்றோ!

மூவகை அடையாளங்கள்

பழைய கருவி ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால் அதில் மூவகை அடையாளங்கள் கலந்து கிடக்கும். முதலாவது, அதனை வகுத்தவரின் கருத்து. இரண்டாவது, அதனைச் செய்த பட்டறையின் வழக்கம். மூன்றாவது, காலம் செய்த மாற்றம். இம்மூன்றையும் பிரித்தறிவதே படி செய்வோரின் முதற்பணி. அளவுகோல் அதற்குத் துணைதான். எந்த அடையாளம் எந்த வகையைச் சேர்ந்தது என்று அளவுகோல் கூறாது.

காப்புத் தகட்டைக் காண்க. நகம் பட்டு உடல் கீறாதபடி தந்திகளின் அருகே பொருத்தப்பட்டுள்ள தகடு இது. அக்காலத்தில் ஆமையோட்டின் நிறம் கொண்ட செல்லுலாய்டால் இது செய்யப்பெற்றது. செல்லுலாய்டு காலம் செல்லச் செல்லச் சுருங்கும். சுருங்குகையில் திருகாணிகள் அதனைப் பற்றி நிற்பதால் துளைகளருகே வெடிப்பும் உண்டாகும். அறுபது ஆண்டு சென்ற தகட்டை வைத்துத் துளைகளின் இடைவெளியை அளந்தால், அவ்வளவு 1962-க்குரியதன்று. சுருங்கிய பின் எஞ்சிய அளவு. அதை அப்படியே எடுத்துக்கொள்பவர் காலம் செய்த மாற்றத்தை வகுத்தவரின் கருத்தாக மயங்குகின்றார். மரமும் இத்தகையதே. நார் ஓடும் திசையில் அது பெரிதும் மாறாது; குறுக்கே ஈரம் வற்றிச் சுருங்கும். எனவே நல்ல தச்சர் ஒரே கருவியை நம்புவதில்லை. பல மூலங்களை அளந்து ஒப்பிடுகின்றார். பாட வேறுபாடுகளைத் தொகுத்துப் பார்க்கும் பதிப்பாசிரியரின் உழைப்பு இது.

இதற்கு மறுதலையான எடுத்துக்காட்டும் உண்டு. வண்ணம் பூசுவதற்குமுன் உடலின் முகப்பில் சிறு ஆணிகள் சிலவற்றை அடித்துவைப்பர். முகப்பிற்கு வண்ணம் பூசியபின் உடலைத் திருப்பி, அவ்வாணிகளே கால்களாக நிற்கும்படி மேசைமேல் வைத்துப் பின்புறத்திற்கும் பூசி உலரவிடலாம். பிறகு ஆணிகளைப் பிடுங்கிவிடுவர். அத்துளைகள் காப்புத் தகட்டின் அடியிலும் பிற இடங்களிலும் இன்றும் காணப்படுகின்றன. ஒலிக்கும் அழகிற்கும் அவற்றால் பயன் ஒன்றுமில்லை. எனினும் அவை பட்டறையின் வழக்கத்தைக் காட்டுவன. திருத்தமாகச் செய்கின்றோம் என்று அவற்றை விட்டுவிடுபவர் வரலாற்றின் ஒரு வரியை அழித்துவிடுகின்றார்.

கண்டதை அப்படியே எழுதுவோரின் குறை முதல் எடுத்துக்காட்டிலும், தமக்குச் சரியெனப் பட்டதை எழுதுவோரின் குறை இரண்டாவதிலும் விளங்கும்.

மரங்கள்

சூரிய வெடிப்பு என்னும் மஞ்சள், சிவப்பு, கருமை ஆகிய நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையும் பூச்சுடைய கருவிகளின் உடல், 1950-களின் நடுப்பகுதியிலிருந்து ஆல்டர் மரத்தால் செய்யப்பெற்றது. இது வட அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையில் மிகுதியாக வளர்வது, எளிதில் கிடைப்பது, கனமும் குறைவு. இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டி, 1¾ அங்குல கனமுள்ள பலகையாக்கி, அச்சுத் தகட்டைச் சுற்றிக் கடைசல் பொறியால் வெட்டினர். ஒரே துண்டான விலையுயர்ந்த மரத்தில் படியைச் செய்தால் அது மூலத்தினும் சிறந்த பொருளாகலாம். மூலத்தின் படி ஆகாது.

தண்டி மேப்பிள் மரம். தந்திகளின் இழுப்பால் அது வளையாதிருக்க உள்ளே எஃகுக் கோல் ஒன்று செல்கின்றது. 1959-க்கு முற்பட்ட தண்டிகளில் இக்கோலைப் பின்புறமாகப் பள்ளம் தோண்டி இட்டு, வால்நட் மரப்பட்டையால் மூடினர். அதனால் பின்புறம் கருநிறக் கோடு ஒன்று ஓடும். விரற்பலகை தனியே ஒட்டப்பெற்ற பிறகு, கோலை முன்புறமாகவே இட்டு அதன்மேல் பலகையை ஒட்டினர். ஆகவே 1962-ஆம் ஆண்டுத் தண்டியின் பின்புறத்தில் அக்கோடு இராது.

விரற்பலகைக்குரிய மரமே இன்று பெருஞ்சிக்கல். அக்காலத்தில் பயன்பட்டது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். மிகுதியாக வெட்டப்பட்டு அருகிப்போனதால், 1992-இல் அருகிவரும் உயிரினங்களைப் பற்றிய பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் முதற் பட்டியலில் அது சேர்க்கப்பட்டது. இன்று தக்க சான்றிதழ் இன்றி அம்மரத்தையோ அம்மரம் உள்ள கருவியையோ ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குக் கொண்டுசெல்லல் இயலாது.

இங்குத் தமிழ்நிலத்தோடு ஒரு தொடர்பு உண்டு. பிரேசில் மரம் கிடைப்பது அரிதானபோது, 1960-களின் நடுவிலிருந்து கித்தார் செய்வோர் இந்திய ரோஸ்வுட்டிற்கு மாறினர். அது மேற்குத் தொடர்ச்சி மலையில் வளரும் ஈட்டி மரம். தோதகத்தி என்றும் வழங்குவர். இரண்டும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இம்மரத்திற்கும் 2017-இல் கட்டுப்பாடு வந்தது. செய்துமுடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் 2019-இல் விலக்கு அளிக்கப்பட்டது. இன்று 1962-இன் படியைச் செய்வோர் பலர் ஈட்டியையே பயன்படுத்துகின்றனர். வரலாற்றுத் துல்லியத்திற்கும் காட்டின் வாழ்வுக்கும் முரண் நேரும்போது துல்லியமே விட்டுக்கொடுக்கவேண்டும். அவ்வாறு விட்டுக்கொடுத்ததை வாங்குவோர்க்கு மறையாது கூறுவதும் துல்லியத்தின் ஒரு பகுதியே.

மெட்டுகளின் கணக்கு

மெட்டுகளை எங்கே பதிப்பது என்பது கணக்கால் அறியப்படும். ஓர் எட்டத்தில் 12 அரைச்சுரங்கள். 12-ஆம் மெட்டில் தந்தியின் நீளம் சரிபாதியாதல் வேண்டும். ஆகவே ஒவ்வொரு மெட்டிற்கும் நீளம் ஒரே விகிதத்தில் குறைகின்றது. அவ்விகிதம் 2-இன் 12-ஆம் மூலம், அதாவது 1.05946. இதனை எளிமையாக்கினால், எஞ்சியுள்ள நீளத்தை 17.817-ஆல் வகுத்தால் அடுத்த மெட்டின் தொலைவு கிடைக்கும்.

863.6-ஐ 17.817-ஆல் வகுக்க 48.47 மில்லிமீட்டர் வரும். மேருவிலிருந்து முதல் மெட்டின் தொலைவு இது. எஞ்சிய 815.13-ஐ மீண்டும் வகுக்க 45.75 வரும், இரண்டாம் மெட்டு முதல் மெட்டிலிருந்து இத்தொலைவில் அமையும். இவ்வாறே 20 மெட்டுகளையும் காணலாம். மேல்வகுப்பு மாணவர்க்கு இது நல்ல பயிற்சிக் கணக்கு.

பழங்காலக் கைவினைஞர் 17.817-க்குப் பதிலாக 18 என்னும் முழு எண்ணைக் கொள்வதுண்டு. வேறுபாடு சிறிதெனத் தோன்றும். முதல் மெட்டில் அரை மில்லிமீட்டரே பிழை. ஆனால் ஒவ்வொரு மெட்டிலும் அது சேர்ந்து சேர்ந்து, 12-ஆம் மெட்டு 431.8-இல் இருப்பதற்கு மாறாக 428.7-இல் வந்து நிற்கும். மூன்று மில்லிமீட்டர் பிழையைச் செவி பொறாது. பெயரிலேயே துல்லியத்தைக் கொண்ட கருவிக்கு இது பொருந்துமா?

காந்தமும் கம்பியும்

மின்கித்தாரின் ஒலி, காந்தச் சுருளில் பிறக்கின்றது. காந்தத்தின் மேல் எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகின்றது. மாறும் புலம் அருகிலுள்ள கம்பிச் சுருளில் மின்னோட்டத்தைத் தூண்டுகின்றது. இது 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்ட உண்மை. அம்மின்னோட்டத்தைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் நாம் கேட்பது தந்தியின் ஒலி.

1957-க்கு முன் நான்கு தந்திகளுக்கும் ஒரே சுருள் இருந்தது. ஒரே சுருளில் வீட்டு மின்சாரத்தின் இரைச்சலும் நுழையும். 1957-இல் சுருளை இரண்டாகப் பிரித்து, தாழ்ந்த இரு தந்திகளுக்கு ஒன்றும் உயர்ந்த இரு தந்திகளுக்கு மற்றொன்றுமாகச் சற்று விலக்கி வைத்தனர். ஒன்றன் சுற்றும் காந்த முனையும் மற்றதற்கு எதிரானவை. வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக நுழைந்து தன்னைத்தானே அழித்துக்கொள்கின்றது. ஒவ்வொரு தந்தியின் ஒலியும் ஒரே சுருளில் பிறப்பதால் அது அழிவதில்லை. மேலும், தந்தி ஒன்றிற்கு இரு காந்தங்கள் வைக்கப்பெற்றன; தந்தி அவ்விரண்டிற்கும் இடையே அதிர்வதால் மீட்டும்போது எழும் முதல் அதிர்ச்சி தணிந்தது. இதனால் அக்கால ஒலிபெருக்கிகள் கிழிபடாமல் தப்பின.

காந்தங்கள் அலுமினியம், நிக்கல், கோபால்ட்டு ஆகியவற்றை இரும்புடன் கலந்து செய்த அல்னிகோ. சுருளின் கம்பி 0.063 மில்லிமீட்டர் தடிப்புடைய செம்பு; தலைமயிரினும் மெல்லியது எனலாம். ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 10 ஆயிரம் சுற்றுகள். பொறி சுழலச் சுழலத் தொழிலாளர் கம்பியை விரலிடையே பிடித்து இங்குமங்கும் நடத்திச் சுற்றினர். எனவே சுற்றுகள் ஒரே சீராக அடுக்கப்பெறவில்லை. எண்ணிக்கையும் சுருளுக்குச் சுருள் சிறிது வேறுபட்டது. இன்றைய தானியங்கிப் பொறி ஒரு சுற்றும் பிசகாது. பழைய ஒலியை வேண்டுவோர் அப்பொறியை விடுத்து மீண்டும் விரலால் நடத்துகின்றனர்.

எஞ்சிய மின்னமைப்பு எளியது. ஒலியளவிற்கு ஒன்றும் ஒலித்தன்மைக்கு ஒன்றுமாக 2,50,000 ஓம் அளவுள்ள இரு மின்தடை மாற்றிகளும், 0.1 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றும், துணி சுற்றிய கம்பிகளுமே உள்ளன.

வண்ணம் கற்பிக்கும் பாடம்

மேற்பூச்சு நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர். மோட்டார் வண்டிகளுக்குப் பூசுவதற்கென வந்த பொருள் இது, விரைவில் உலர்வது. கேட்பவர்க்கு மோட்டார் வண்டி நிறங்களிலேயே கருவியைப் பூசித்தருவதும் உண்டு. அவற்றுள் ஒன்று, காடிலாக் வண்டிக்குரிய ‘லேக் பிளேசிட்’ நீலம். நீலத்தின் மேல் நிறமற்ற லாக்கர் பூசப்பெற்றது. ஆண்டுகள் செல்ல, மேலே உள்ள லாக்கர் மஞ்சளாகின்றது. மஞ்சளின் ஊடே நோக்கினால் நீலம் பச்சையாகத் தோன்றும். தண்டி பொருந்தும் குழியிலும், தகட்டின் அடியில் ஒளிபடாத இடங்களிலும் பழைய நீலத்தின் சாயலைக் காணலாம்.

இப்போது படியை நீலமாகப் பூசுவதா, பச்சையாகவா? வகுத்தவரின் கருத்து நீலம். உலகம் இன்று காண்பது பச்சை. நீலமே சரியென்பவர் 1962-இன் கடைவீதியிலிருந்த புதுக்கருவியைப் படியெடுக்கின்றார். பச்சையே சரியென்பவர் நம்மிடம் வந்துசேர்ந்துள்ள பழங்கருவியைப் படியெடுக்கின்றார். இரண்டிற்கும் இடமுண்டு. எதைச் செய்கின்றோம் என்று அறியாமல் செய்வதுதான் தவறு.

ஃபெண்டர் நிறுவனமே 1982-இல் தன் பழைய 1957, 1962 கருவிகளைப் புதியன போலவே மீண்டும் வெளியிட்டது. 1995-இல் தேய்ந்தும் கீறல்பட்டும் தோன்றுமாறு செய்த கருவிகளையும் விற்கத் தொடங்கியது. முன்னது கருத்தின் படி. பின்னது காலத்தின் படி.

வாசித்தவர் கை

மூன்று அடையாளங்களையும் பிரித்தறிந்த பின்னரும் நான்காவதொன்று எஞ்சுகின்றது. அது வாசித்தவர் கை. இதனை விளக்க டெட்ராய்ட் நகரின் ஜேம்ஸ் ஜேமர்சன் வரலாறு போதும்.

மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1960-களில் பேஸ் வாசித்தவர் ஜேமர்சன். உலகெங்கும் கோடிக்கணக்கானோர் கேட்ட பாடல்களில் அவர் வாசிப்பு உண்டு. ஆனால் நெடுங்காலம் இசைத்தட்டு உறைகளில் அவர் பெயர் அச்சிடப்படவில்லை. 1971-இல் வெளிவந்த மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ தொகுப்பில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. அவர் கையிலிருந்தது 1962-ஆம் ஆண்டின் பிரிசிஷன் பேஸ். டபுள் பேஸ் வாசித்துப் பழகியவராதலால், வலக்கையின் ஆள்காட்டி விரல் ஒன்றாலேயே மீட்டினார். வழவழப்பான தட்டைச் சுற்றுத் தந்திகளையே கட்டினார். அவற்றை எளிதில் மாற்றுவதில்லை. தந்திகள் விரற்பலகையினின்று நன்கு உயர்ந்திருந்தன. குதிரையை மூடும் உலோக மூடியின் அடியில் தந்திகளைத் தொட்டுநிற்கும் நுரைப்பஞ்சு இருந்தது. ஒலி நெடிது நீளாமல் அடங்கியதற்கு அதுவும் காரணம்.

இம்மூடியையும் பஞ்சையும் பிற்காலத்தில் பலர் கழற்றி எறிந்தனர். அவை வெறும் அலங்காரம் என்று எண்ணினர். டபுள் பேஸின் குறுகி அடங்கும் ஒலியைப் புதிய கருவியிலும் தருவதற்காக வகுக்கப்பட்டவை அவை. தந்திகளின் கீழ்ப்புறத்தில் திருகப்பெற்ற சிறு மரக்கட்டையும் அத்தகையதே. கட்டைவிரலால் மீட்டும்போது மற்ற விரல்கள் பற்றிக்கொள்வதற்கு அது வைக்கப்பட்டது. வாசிப்போர் பிற விரல்களால் மீட்டத் தொடங்கியபின் அதன் பயன் மறந்தது. 1970-களில் அதன் இடமும் மாறியது. படியில் அக்கட்டையைப் பழைய இடத்தில் பொருத்துவது, மறந்துபோன ஒரு வாசிப்பு முறையை நினைவூட்டுவதாகும்.

ஜேமர்சன் 1983-இல் காலமானார். அவர் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் அக்கருவி களவு போயிற்று, இன்றுவரை கிடைக்கவில்லை. அதன் ஒலியை இனி நாம் இசைத்தட்டுகளில் மட்டுமே கேட்கலாம். கருவியைத் தொட்டுப் பார்க்க விரும்புவோர்க்குப் படியே துணை. புதுத்தந்தி கட்டி, பஞ்சை நீக்கி, தந்திகளைத் தாழ்த்தி வைத்த படி எத்துணைத் துல்லியமாயினும் அந்த ஒலியைத் தராது. பஞ்சும் தந்தியும் முறையாக அமைந்த படியும் அந்த ஒலியின் அருகே செல்லுமேயன்றி அதுவாகிவிடாது. ஏனெனில் அந்த ஒரு விரல் இல்லை.

படியும் போலியும்

இத்துணை உழைத்துச் செய்யும் படிக்கும் போலிக்கும் என்ன வேறுபாடு? மரம் ஒன்றாகலாம், கம்பி ஒன்றாகலாம், ஆணித்துளைகளும் ஒன்றாகலாம். கற்றார் கண்ணும் மயங்கும் அளவு இரண்டும் ஒத்திருக்கலாம். வேறுபாடு பொருளில் இல்லை. அதைப் பற்றிச் சொல்லும் சொல்லில் உள்ளது. ‘இது 1962-இன் படி’ என்றால் அது கலை. ‘இது 1962’ என்றால் அது களவு.

சட்டமும் இதன் ஒரு கூற்றைத் தொட்டுள்ளது. பிரிசிஷன் பேஸ் உள்ளிட்ட மூன்று கருவிகளின் உடல் வடிவங்களைத் தன் வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய ஃபெண்டர் நிறுவனம் விண்ணப்பித்தது. அவ்வடிவங்கள் பல்லாண்டுகளாகப் பலராலும் செய்யப்பெற்றுப் பொதுவாகிவிட்டன என்று அமெரிக்க வணிகச் சின்ன முறையீட்டு மன்றம் 2009-இல் அதனை மறுத்தது. தலைப்பகுதியின் வடிவமும் பெயரும் நிறுவனத்திற்கே உரியவை. எனவே பிறர் ஒருவர் அவ்வுடலைச் செய்யலாம். அப்பெயரை இட்டு விற்கலாகாது.

சட்டம் நிற்கும் இடத்திற்கு அப்பாலும் ஒரு கடமை உண்டு. இன்று நற்பெயருடன் வாழும் படி இன்னும் அறுபது ஆண்டு கழித்துச் செய்தவரும் வாங்கியவரும் இல்லாத காலத்தில் யாரோ ஒருவர் கையில் இருக்கும். அப்போது அதன் லாக்கரும் மஞ்சளாகியிருக்கும், தகடும் சுருங்கியிருக்கும். பழைய எண்ணும் பழைய தேதியும் அதில் பொறிக்கப்பட்டிருந்தால், அன்று அதை ஆராய்பவர் ஏமாறுவார். 1962-ஐப் பற்றிய அறிவே கலங்கும். ஒரு போலிச் செப்பேடு ஓர் அரசனின் காலத்தைக் குழப்பிவிடுவது போன்றது இது.

இதற்கு மருந்து எளியது. ஏட்டைப் படியெடுத்தவர், நூலின் இறுதியில் தம் பெயரையும் எழுதி முடித்த ஆண்டையும் திங்களையும் நாளையும் குறித்துவைப்பது நம் பழைய வழக்கம். படி தன்னைப் படியென்று சொல்லிக்கொள்ளும் முறை அது. பேஸ் கித்தாரிலும் அதற்குரிய இடம் உண்டு. தண்டியின் அடிமுனையில், 1962-இன் தொழிலாளர் பென்சிலால் தேதி எழுதிய அதே இடத்தில், படி செய்தவர் தம் பெயரையும் தம் ஆண்டையும் எழுதிவைக்கலாம். திருகாணிகள் நான்கையும் கழற்றினாலன்றி அது வெளியே தெரியாது. கருவியின் தோற்றத்திற்கும் ஒலிக்கும் ஒரு குறையும் நேராது. என்றேனும் ஒருநாள் உண்மையை அறிய விரும்பி அதைக் கழற்றிப் பார்ப்பவர்க்கு, அவ்வொரு வரியே வழிகாட்டும்.